சங்கத்தைக் கலைக்க ஆள் வேண்டும்

மஸ்கட் விமான நிலையத்தில் வேலை பார்த்தவன் என்று சொன்னால் எதிரே இருப்பவர் சற்று நிமிர்ந்து உட்கார்வார். என்ன வேலை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நானாகச் சொன்னதும் இல்லை. விமானத்தின் வயிற்றிலிருந்து பெட்டிகளை இறக்கி பெல்ட்டில் போடுகிற வேலை. விமானத்தை என்னைப்போல் பக்கத்தில் பார்த்தவர்கள் ஆலங்குடி வட்டாரத்தில் குறைவுதான். ஆனால் நான் பார்த்ததெல்லாம் அதன் அடிப்பக்கம். அது எப்படி மேலே போகிறது என்பது, பஸ் கூரையில் வாழைத்தார் ஏற்றுகிறவருக்கு இன்ஜினைப் பற்றி எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எனக்கும் தெரியும்.

புதுக்கோட்டை மாவட்ட மாதிரி விமான ஆர்வலர் சங்கத்துக்கு நான் தலைவரானது இந்த ஒரு தகுதியால்தான்.

வெளிநாட்டு வேலையை விட்டு வந்ததும் ஆலங்குடியில் ப்ளைவுட் கடை வைத்தேன். என் மனைவி கலைமதி அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். அவளுடைய சம்பளத்தில் குடும்பம் நடந்தது, என் கடையில் பொழுது நடந்தது. அப்படி ஒருநாள் ஞானமணி சார் கடைக்கு வந்தார். பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிஸ்கட் அளவுக்குக்கூட கனமில்லாத ப்ளைவுட் வேண்டும் என்று கேட்டார். எதற்கு என்றேன். “றெக்கைக்கு” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரோடு போனேன். வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கண்மாய். தண்ணீர் வற்றிய மாதங்களில் அதன் உள்வாய் கட்டாந்தரையாகக் கிடக்கும். அங்கே ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு விமானத்தோடு நின்றார்கள். ஞானமணி சார் தன் விமானத்தின் மூக்கில் இருந்த காற்றாடியைச் சுண்டிவிட்டார். சின்ன இன்ஜின் கீச்சென்று கத்தி, புகை விட்டு, விமானம் தரையில் ஓடி, ஓடிக்கொண்டே இருந்து, சட்டென்று தரையை விட்டது. எத்தனையோ வருடம் நிஜ விமானங்களுக்கு நடுவே நின்ற எனக்கு, அந்த ஒன்றரை முழ விமானம் கிளம்பியபோதுதான் வாய் பிளந்தது. அன்றைக்கே ஒன்று வாங்கித் தரச் சொன்னேன்.

பிறகு சங்கம் என்று பதிவு செய்தால் நல்லது என்ற பேச்சு வந்தது. கூட்டம் போட்டார்கள். “நம்ம முத்துராமன் சாருக்கு ஏர்போர்ட் அனுபவம் இருக்கு” என்று ஒருவர் எழுந்து சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி முடிப்பதற்குள் நான் மறுத்திருக்க வேண்டும். கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியாதது இல்லை.

சங்க விதிகளை எழுத யாருக்கும் பொறுமையில்லை. தெரிந்த ஆடிட்டர் ஒருவர், ஒரு பால் உற்பத்தியாளர் சங்கத்தின் விதிகளை டைப் அடித்துக் கொடுத்தார். ஞானமணி சார் செயலாளர் என்ற முறையில் ‘மாடு’ என்று வந்த இடத்தில் எல்லாம் ‘விமானம்’ என்று மாற்றினார். அதனால் எங்கள் விதிகளின்படி, விமானத்துக்கு நோய் கண்டால் உடனடியாகச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒருவரின் விமானத்தை இன்னொருவரின் விமானம் என்று காட்டி ஏமாற்றும் உறுப்பினர் நீக்கப்படுவார். இதையெல்லாம் திருத்த வேண்டும் என்று முதல் வருடமே ஒருவர் எழுந்து சொன்னார். “பாக்கலாம்” என்றேன்.

‘பாக்கலாம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எவ்வளவு காலம் தலைவராக இருக்க முடியும் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். யாருக்கும் கோபம் வராது. யாரும் வாக்குவாதம் செய்யமாட்டார்கள். மெதுவாக வருவதை மட்டும் நிறுத்திவிடுவார்கள்.

உறுப்பினர்கள் முப்பத்தொன்று வரை உயர்ந்தார்கள். அதற்கு நான் காரணமில்லை. கண்மாய்க்குள் விமானம் பறப்பதைப் பார்த்து பைக்கை நிறுத்தியவர்கள் தாமாக வந்து சேர்ந்தார்கள். அவர்கள் குறைந்ததற்கு மட்டும் நானே காரணம்.

முதல் சண்டை ஞானமணி சாருக்கும் ஆனந்தராஜுக்கும். ஆனந்தராஜ் புதுக்கோட்டையில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். அவன் பேட்டரி கட்சி. ஞானமணி சார் எண்ணெய் இன்ஜின் கட்சி. இன்ஜின் புகையும் சத்தமும் வேண்டாம் என்பான் அவன். சத்தமில்லாமல் பறப்பது விமானமே அல்ல, விசிறி என்பார் இவர். இருவரும் ஒரே நேரத்தில் விட்டு, நடுவானில் றெக்கையோடு றெக்கை மோதி, இரண்டும் கண்மாய்க்குள் விழுந்தன. என்னிடம் வந்தார்கள். நான் ஆனந்தராஜைத் தனியாகக் கூட்டிப்போய், “நீ சொல்றதுதான் சரி” என்றேன். பிறகு ஞானமணி சாரைத் தனியாகக் கூட்டிப்போய், “நீங்க சொல்றதுதான் சார் சரி” என்றேன். சமாதானம் செய்துவிட்டதாக நினைத்து வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து ஆனந்தராஜ் வரவில்லை. அவனோடு பேட்டரிக்காரர்கள் ஆறு பேரும் வரவில்லை.

பிறகு ஒரு கல்லூரியில் எங்களை விமானம் விட்டுக் காட்டச் சொன்னார்கள். பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஆலங்குடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஜெரால்டு, அவனும் எங்கள் உறுப்பினர்தான், வீடியோ எடுக்கக் கேமராவோடு நின்றான். காற்று கொஞ்சம் அதிகம். விடலாம் என்றார்கள் பாதிப் பேர். வேண்டாம் என்றார்கள் பாதிப் பேர். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். “கொஞ்ச நேரம் பாக்கலாம்” என்றேன். பார்த்தோம். சிறப்பு விருந்தினர் கிளம்பினார். சாப்பாட்டு மணி அடித்தது. மைதானம் காலியானது. அப்போது காற்று நின்றது. வாட்ச்மேனுக்கும் இரண்டு நாய்களுக்கும் அருமையாகப் பறந்து காட்டினோம். ஜெரால்டு அந்த மாதமே ட்ரோன் வாங்கிக் கல்யாண வீடுகளுக்குப் போக ஆரம்பித்தான்.

கஜா புயலில் இந்தப் பக்கத்துத் தென்னையெல்லாம் சாய்ந்தபோது இன்னும் பலர் நின்றுபோனார்கள். அதில் மட்டும் நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன், என்னையும் சொல்லிக்கொள்ளமாட்டேன். தோப்பை இழந்தவரிடம் போய் ‘விமானம் விட வாங்க’ என்று எந்த முகத்தோடு கூப்பிடுவது? ஆனால் இரண்டு வருடம் கழித்துக் கூப்பிட்டிருக்கலாம். நான் கூப்பிடவில்லை.

கடைசியாக வந்து கடைசியாகப் போனது மோகனப்ரியா. சாஃப்ட்வேர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கும் பெண். எங்கள் சங்கத்திலேயே ஒரு விமானத்தை முதல் நாளில் ஏற்றி, முதல் நாளிலேயே முழுசாக இறக்கியவர் அவர்தான். ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து ஏதாவது சொல்வார். ஓடுபாதைக்குக் கல் பொறுக்க வேண்டும், பெண்களைச் சேர்க்க வேண்டும், இன்ஜினுக்கும் பேட்டரிக்கும் நேரம் பிரிக்க வேண்டும். நானும் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து அதே பதிலைச் சொன்னேன். ஒரு கட்டத்தில் அவர் உட்கார்ந்தே இருந்தார். பிறகு அந்த நாற்காலியும் காலியானது.

போன வருடம் மாசி மாதக் கூட்டத்துக்கு வந்தது நான்கு பேர். நான், ஞானமணி சார், முந்திரி வியாபாரி கண்ணன், ராக்கன். இதில் ராக்கன் உறுப்பினரே அல்ல. கண்மாயை ஒட்டியிருக்கும் கடலைக் கொல்லைக்காரர். எங்கள் விமானங்கள் வழக்கமாக விழும் இடம் அது. விழுந்ததை எடுத்துக் கொடுக்க வந்து, வடை கொடுத்ததால் உட்கார்ந்தார். கண்ணன் வந்த வேகத்தில் தூங்கிவிடுவார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, “சங்கத்த மூடிடலாம்னு இருக்கேன்” என்றேன்.

கலைமதி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். “நெசமாவா? நீங்களா முடிவெடுத்தீங்க?”

“ஆமா.”

“காச்சல் எதுவும் அடிக்கிதா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஞானமணி சாரிடம் சொன்னதும் அவர் மறுக்கவில்லை. விதிகளை எடுத்துப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மூட முடியாது, தலைவரே.”

“ஏன் சார்?”

“பதிவேட்டுல உள்ள உறுப்பினர்ல மூணுல ரெண்டு பங்கு நேருல வந்து கை தூக்கணும். முப்பத்தொண்ணுக்கு இருபத்தொண்ணு பேரு.”

“பாதிப் பேரு வந்தே வருசக்கணக்கா ஆச்சே. சந்தாவும் கட்டலயே. அவங்களயெல்லாம் நாம நீக்கலயா?”

“நீக்கணும்னு நான் எத்தன தடவ சொன்னேன்? ஒவ்வொரு தடவையும் நீங்க என்ன சொன்னீங்க?”

என்ன சொன்னேன் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. ஒருவரின் பெயரை அடிப்பது அவரை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்துவது போல எனக்குப் பட்டிருந்தது. அதனால் வராத எல்லோரும் பதிவேட்டில் சௌக்கியமாக இருந்தார்கள். ஏழு பேரை வைத்துத் தொடங்க முடிந்த சங்கத்தை மூட இருபத்தொரு பேர் வேண்டும்.

“ஆளச் சேக்கணும், தலைவரே” என்றார் ஞானமணி சார். “சங்கத்த நடத்தத்தான் சேக்கல. மூடவாச்சும் சேப்போம்.”

அப்படித்தான் நான் வீடு வீடாகக் கிளம்பினேன். தலைவராக இருந்த இத்தனை காலத்தில் ஓர் உறுப்பினரின் வீட்டுப் படியையும் மிதிக்காதவன், பழைய ஸ்கூட்டரில் ஆலங்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே அலைந்தேன். கலைமதி வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஏங்க, சட்டையெல்லாம் தேச்சுப் போட்டுக்கிட்டு, கல்யாணப் பத்திரிக்க வைக்கப் போற மாதிரி போறீங்க. நீங்க கூப்புடறது எழவுக்குல்ல?”

முதலில் ஜெரால்டு. ஸ்டுடியோச் சுவரில் மணமக்கள் படங்களுக்கு நடுவே அவனுடைய முதல் விமானம் ஆணியில் தொங்கியது. ஒரு றெக்கையில் தையல் போட்டதுபோல டேப் ஒட்டியிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு, “அது நம்ம கண்மாய்ல புளிய மரத்துல மாட்டுனது சார்” என்றான். பத்து நிமிடம் அந்தப் புளிய மரத்தைப் பற்றியே பேசினான். வந்த விஷயத்தைச் சொன்னேன்.

“மூடுறதுக்கா? வாரேன் சார், கண்டிப்பா வாரேன். முகூர்த்தம் இல்லாத ஞாயித்துக்கெழமையாப் பாத்து வைங்க. ட்ரோன் கொண்டாந்து மேல இருந்து எடுத்துத் தாரேன். காசு வேணாம்.”

ஆனந்தராஜ் கடையில் தலையைக் குனிந்து சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. ஸ்டூலை மட்டும் காலால் தள்ளிவிட்டான்.

“உக்காருங்கண்ணே. எதுக்கு வந்தீங்கன்னு கேள்விப்பட்டேன். ஜெரால்டு போன் போட்டான்.”

“வருவியா?”

“வாரேன். ஆனா ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னக்கி ‘ஒனக்குக் காலைல, அவருக்குச் சாயங்காலம்’னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அத்தோட முடிஞ்சிருக்கும். நீங்க எங்கிட்ட வந்து நான் சரின்னீங்க, அங்கிட்டுப் போயி அவரு சரின்னீங்க. ரெண்டு பேரும் சரியா இருந்தா சண்ட எப்புடிண்ணே முடியும்?”

அவன் டீ வாங்கிக் கொடுத்தான். மேசைக்கு அடியிலிருந்து ஒரு விமானத்தை எடுத்துக் காட்டினான். வெள்ளை ஃபோமில் வெட்டியது, தாளைப் போல லேசாக இருந்தது. எங்கே விடுகிறாய் என்றேன். “எங்கயும் விடல. செஞ்சு செஞ்சு வச்சிருக்கேன்” என்றான்.

இப்படியே போன இடமெல்லாம். எல்லோரும் வருகிறேன் என்றார்கள். இவ்வளவு பேர் ஒரு கூட்டத்துக்கு ஒப்புக்கொண்டது சங்க வரலாற்றிலேயே இல்லை. சங்கத்தை மூடுவேன் என்று நான் வருடா வருடம் அறிவித்திருந்தால் சங்கம் ஓஹோவென்று வளர்ந்திருக்கும் போலிருந்தது.

மோகனப்ரியா வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். பயந்துதான் தள்ளிப்போட்டேன். காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, “வாங்க சார்” என்றார். தண்ணீர் கொடுத்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“எம்மேல கோவமாம்மா?” என்றேன்.

“கோவமில்ல சார். நீங்க வேணாம்னு சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன். சரின்னு சொல்லியிருந்தா வேல செஞ்சிருப்பேன். நீங்க பாக்கலாம்னீங்க. நானும் பாத்தேன் சார். ரொம்ப நாளு பாத்தேன்.”

அவர் இதைக் குரலை உயர்த்தாமல் சொன்னார். உயர்த்திச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “கூட்டத்துக்கு வாங்கம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வழியில் திருவப்பூர் கேட்டில் ரயிலுக்காக நின்றபோது பின்னால் ஹாரன் அடித்தார்கள். கேட் திறந்து வெகுநேரமாகியிருந்தது.

கூட்டம் கண்மாய்க் கரைப் புளிய மரத்தடியில். வாடகை நாற்காலி இருபத்தைந்து போட்டோம். இருபத்து மூன்று பேர் வந்தார்கள். ஞானமணி சார் எண்ணிவிட்டு என் காதில், “கோரம் இருக்கு, தலைவரே, ஆளு போதும்” என்றார். அவர் குரலில் இருந்த பெருமையைப் பார்த்தால், நாங்கள் சங்கத்தைத் திறக்க வந்திருக்கிறோம் என்றுதான் தோன்றும். ராக்கன் ஒரு கூடை வேகவைத்த கடலையோடு வந்தார். கடைசியாக ஒரு தரம் விட்டுப் பார்க்கலாம் என்று பலரும் விமானங்களைக் கொண்டுவந்திருந்தார்கள். ஆனந்தராஜின் ஃபோம் விமானத்தை ஞானமணி சார் தூரத்திலிருந்தே ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு பக்கத்தில் போய்ப் பார்த்தார். றெக்கையின் முனையை ஒரு விரலால் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

நான் எழுந்து ஒரு சிறிய உரை நிகழ்த்தினேன். காலத்தின் மாற்றம், இளைய தலைமுறை, ட்ரோன் என்று எல்லாவற்றின் மேலும் பழி போட்டேன். என்னைத் தவிர ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. பிறகு ஞானமணி சார் தீர்மானத்தைப் படித்து, “கலைக்கலாம்ங்கிறவங்க கை தூக்குங்க” என்றார்.

கைகள் உயர்ந்தன. அவர் தன் கையையும் தூக்கிக்கொண்டே எண்ணினார். இரண்டு தரம் எண்ணினார்.

“இருவது. இன்னும் ஒண்ணு வேணும்.”

மோகனப்ரியா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முந்திரி வியாபாரி கண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். யாரோ அவரை எழுப்பப் போக, “தூங்குறவர எழுப்பி ஓட்டு வாங்குனா செல்லாது” என்று ஞானமணி சார் தடுத்தார். பால் சங்க விதிகளில் அப்படி இருந்ததோ என்னவோ. பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“தலைவரே, ஒங்க கை?”

என் கை மடியில் இருந்தது. நான் அந்த இருபது கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பசை காய்ந்து தோலுரிந்த விரல்கள், சால்டரிங் சுட்ட தழும்பு, காற்றாடி வெட்டிய கோடு. எத்தனை ஞாயிற்றுக்கிழமை இவர்கள் யாரும் கூப்பிடாமல் வந்து இந்த வெயிலில் நின்றிருக்கிறார்கள். நான் போன வீடுகளில் எல்லாம் என்னைத் திட்டிய நேரத்தைவிட விமானத்தைப் பற்றிப் பேசிய நேரம்தான் அதிகம். அதை நினைத்து, கொள்கையோடு கையைத் தூக்க மறுத்தேன் என்று எழுத எனக்கு ஆசைதான். உண்மையில் கை எழும்பவில்லை. அவ்வளவுதான்.

“பாக்கலாம்” என்றேன்.

ஆனந்தராஜ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். “ஏண்ணே! வீடு வீடா வந்து கூப்புட்டதே நீங்கதானண்ணே! கடையப் பூட்டிட்டு வந்துருக்கேன்!” ஜெரால்டு சிரிக்க ஆரம்பித்தான். அது பரவியது. சிரிப்புச் சத்தத்தில் கண்ணன் விழித்து, என்ன என்று கேட்காமலே கையைத் தூக்கினார். “ஓட்டு முடிஞ்சுது, எறக்குங்க” என்றார் ஞானமணி சார்.

மோகனப்ரியா எழுந்தார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

“சார், சங்கத்த மூடல. சரி. அப்புடின்னா நடத்தணும். நீங்க நடத்துவீங்களா?”

இவ்வளவு நேராக என்னை யாரும் எதையும் கேட்டதில்லை.

“இல்லம்மா. எனக்கு வராது” என்றேன்.

“அப்ப எறங்கிக்கங்க சார்.”

“ஏம்மா, பெரியவர்கிட்ட ஒரு மரியாத வேணாமா?” என்றார் ஞானமணி சார்.

“மரியாதையாத்தான் சார் சொல்றேன். அவரே வராதுன்னு சொல்றாருல்ல?”

நான் எழுந்து, உட்கார்ந்திருந்த நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். வேறு யாரும் போட்டியிடவில்லை. கைதட்டல் வந்தது. அவர் கும்பிடவில்லை. உட்காரக்கூட இல்லை. நின்றபடியே ஆரம்பித்தார். பேட்டரி விமானம் காலையில், இன்ஜின் மதியத்துக்கு மேல். சந்தா கட்டாதவர் பெயர் இன்றோடு போகும், வேண்டுமென்றால் இப்போதே கட்டிச் சேரலாம். ஒருவர் துணையில்லாமல் விமானத்தை ஓடுபாதையில் இறக்கிக் காட்டும்வரை யாரும் தனியாக விடக்கூடாது, யாராக இருந்தாலும்.

முணுமுணுப்பு எழுந்தது. “இதுக்கு மூடிருக்கலாம்” என்று சிலர் பைக்கை உதைத்துக் கிளம்பினார்கள். ராக்கன், “நானும் சேரலாமா தாயி? எல்லாம் எங்கொல்லையிலதான விழுவுது” என்று கேட்டுச் சேர்ந்தார். கடைசியில் பதிவேட்டில் மிஞ்சியது பன்னிரண்டு பேர். நான் பல வருடம் பாடுபட்டுச் செய்த சரிவை அவர் ஒரே மணி நேரத்தில் முடித்துவிட்டார். ஆனால் அந்தப் பன்னிரண்டும் உயிரோடு எதிரே உட்கார்ந்திருந்த பன்னிரண்டு.

வீட்டுக்கு வந்தேன். “மூடிட்டீங்களா?” என்றாள் கலைமதி.

“இல்ல. என்னைய மூடிட்டாங்க.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்தவள் சிரிக்கவில்லை. சாப்பாடு எடுத்து வைத்தாள். தலைவர் பதவி வேண்டாம் என்று எத்தனையோ முறை புலம்பியவனுக்கு, அது போனபோது ஏன் சோறு இறங்கவில்லை என்று எனக்கே விளங்கவில்லை. அடுத்த ஞாயிறு கண்மாய்ப் பக்கம் போகாமல், விடுமுறை நாளில் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒருவரும் வரவில்லை. கலைமதி வந்தாள்.

“எதுக்கு இங்கிட்டு ஒக்காந்திருக்கீங்க? ப்ளேன் விடணும்னுதான சேந்தீங்க? தலைவராவணும்னா சேந்தீங்க?”

அதற்கு அடுத்த வாரம் போனேன். அங்கேதான் எனக்கு வேறொரு சிக்கல் காத்திருந்தது. புதிய விதிப்படி நானும் விமானத்தை இறக்கிக் காட்ட வேண்டும். இத்தனை வருடத்தில் நான் ஒரு தரம்கூட இறக்கியதில்லை என்பது யாருக்கும் தெரியாது, ஞானமணி சாரைத் தவிர. மேலே ஏற்றுவேன், இரண்டு சுற்றுச் சுற்றுவேன், பிறகு, “சார், கொஞ்சம் பிடிங்க, ஒரு போன்” என்று ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிடுவேன். வராத போனில் பேசி முடிப்பதற்குள் விமானம் தரையில் நிற்கும்.

விமானம் நம்மைவிட்டு விலகிப் போகும்போது எல்லாம் சுலபம். நம்மை நோக்கித் திரும்பி வரும்போது அதன் இடது நமக்கு வலதாகிவிடும். இடது றெக்கை சாய்ந்தால் மூளை ஒரு பக்கம் தள்ளச் சொல்லும், விமானத்துக்கு அது வேறு பக்கமாகப் போய்ச் சேரும். எதிரே வருகிற எதையும் சமாளிக்கத் தெரியாதவனுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

முதல் வாரம் ராக்கனின் கொல்லையில் இறக்கினேன். “வாங்க, வாங்க” என்று அவரே எடுத்து வந்தார். இரண்டாவது வாரம் கண்மாய்க் கரையில் மோதினேன். மூன்றாவது வாரம் ஞானமணி சார் பழக்கத்தில் ரிமோட்டுக்குக் கை நீட்டினார். மோகனப்ரியா, “சார், தொடாதீங்க” என்றார். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார். அந்தப் பக்கம் ஆனந்தராஜ்.

“எந்த றெக்க எறங்குதோ அந்தப் பக்கம் ரிமோட்டுக் குச்சியத் தள்ளுங்க சார். முட்டுக் குடுக்குற மாதிரி. இடது வலதையெல்லாம் மறந்துருங்க” என்றார் மோகனப்ரியா.

“காத்துக்கு எதுத்தாப்ல கொண்டாங்கண்ணே” என்றான் ஆனந்தராஜ்.

“மோட்டாரக் கொறைங்க, தலைவரே” என்றார் ஞானமணி சார் பின்னாலிருந்து. பழைய என்ற சொல்லைச் சேர்க்க அவருக்கு இன்னும் மனம் வரவில்லை.

மூன்று பேரும் சொன்னது சரியாகவே இருந்தது. ஆனால் குச்சி என் கையில். விமானம் என் நெற்றியைக் குறி வைத்ததுபோல வந்தது. ஒரு றெக்கை சாய்ந்தது, முட்டுக் கொடுத்தேன். மறு பக்கம் சாய்ந்தது, கொடுத்தேன். மோட்டாரைக் குறைத்தேன். சக்கரம் தரையைத் தொட்டு, எகிறி, மறுபடி தொட்டு, கொஞ்ச தூரம் ஓடி, மூக்கைத் தரையில் குத்திக் கவிழ்ந்தது. காற்றாடி இரண்டாக உடைந்தது.

நான் கையைத் தூக்கிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. ராக்கன் கைதட்டினார்.

“பாஸ் இல்ல சார்” என்றார் மோகனப்ரியா. “ஓடுபாதைக்கு வெளிய நிக்கிது. அடுத்த வாரம் வாங்க.”

வெளியேதான் நின்றது. ஓரடி வெளியே. அளந்து பார்க்கலாம் என்று வாயெடுத்த ஆனந்தராஜை நானே தடுத்தேன்.

இன்றைக்குக் கடையில் கீல் வாங்க வந்தவர் நிற்கிறார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, விமானத்தின் மூக்கில் பசை தடவி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது விட்டால் கோணிவிடும்.

“என்ன சார் இது, வெளையாட்டுச் சாமானா?” என்று கேட்டார்.

“ஏரோப்ளேன்” என்றேன். “ஞாயித்துக்கெழமை எனக்குப் பரீட்சை.”